2000-ஆம் ஆண்டுவாக்கில் சேமித்த தமிழ்ச் செய்திகள் இன்று குறிகளாகத் தெரிவது ஏன், அவற்றை மீட்பது எப்படி?

உங்கள் மாமா 1998-க்கும் 2004-க்கும் இடையில் சேமித்து வைத்த தமிழ்ச் செய்திப் பக்கங்களும் மின்னஞ்சல்களும் ஒரு சிடியிலும் சில பிளாப்பிகளிலும் கிடைத்திருக்கின்றன. திறந்தால் புரியாத குறிகளாகத் தெரிகின்றன. இதை அந்தக் காலத்தில் எப்படிப் படித்தார்கள், எப்படி ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். 'இது கெட்டுப்போன கோப்பா, இன்னும் படிக்க முடியுமா' என்பதுதான் உள்ளே இருக்கும் கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன். பெரும்பாலும் கெட்டிருக்காது. எழுத்துக்குரிய எண்கள் கோப்பில் அப்படியே இருக்கும். அவற்றைத் தமிழாகக் காட்டிய எழுத்துரு மட்டும் உங்கள் கணினியில் இல்லை. உண்மையிலேயே கெட்டுப்போன வகைகளும் சில உண்டு. எது எந்த வகை என்று பிரித்தறிய, அன்று செய்தி எந்த வழியாக வந்து சேர்ந்தது என்பது தெரிய வேண்டும். பழைய தமிழ்க் கோப்புகளை, உலக மொழிகளின் எழுத்துக்கெல்லாம் பொது எண் தரும் யூனிகோடுக்கு மாற்றும் வேலையில் பல ஆண்டுகளாக இருப்பவன் என்ற முறையில் விரிவாகவே எழுதுகிறேன்.

கணினி சேமிப்பது எண்களைத்தான். அன்றைய விண்டோஸில் ஓர் எழுத்துக்கு ஒரு பைட், அதாவது 0 முதல் 255 வரை 256 இடங்கள். முதல் 128 இடங்கள் ஆங்கில எழுத்து, இலக்கம், நிறுத்தக்குறிகளுக்குப் போய்விடும். யூனிகோடில் தமிழுக்கு 1991-லேயே இடம் கிடைத்துவிட்டது என்றாலும் விண்டோஸ் 95-க்கும் 98-க்கும் அதைத் தமிழாகக் காட்டத் தெரியாது. அதனால் எழுத்துரு செய்தவர்கள் ஆங்கில எழுத்தும் ஐரோப்பியக் குறிகளும் இருந்த இடங்களில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்தார்கள். கணினியைப் பொறுத்தவரை அது ஆங்கிலம், பார்ப்பவருக்குத் தமிழ். எந்த எண்ணில் எந்த எழுத்து என்பதை ஒவ்வொருவரும் தம் போக்கில் முடிவு செய்ததுதான் சிக்கலின் வேர். மலேசியாவில் முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல், சுவிட்சர்லாந்திலிருந்து கு. கல்யாணசுந்தரத்தின் மயிலை, சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமியின் கணியன், ஈழத்தமிழரிடையே வேரூன்றிய பாமினி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு அட்டவணை, அதாவது ஒரு குறியாக்கம். பத்திரிகைகளோ அச்சுக்கோர்ப்புக்கு வாங்கிய மென்பொருளின் எழுத்துருவையே இணையத்துக்கும் கொண்டுவந்தன. நான்கு இதழ் படிக்கிறவர் நான்கு எழுத்துரு வைத்திருக்க வேண்டும்.

இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையச் சேவையை அரசு நிறுவனமான வி.எஸ்.என்.எல். 1995 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. தனியார் நிறுவனங்கள் வந்தது 1998 நவம்பரில். தொடக்கத்தில் மாணவர் கணக்கு போன்றவற்றில் வெறும் எழுத்துத் திரைதான். தமிழ் எழுத்துருவுக்கு அங்கே வேலையே இல்லை. பொது விவாதக் குழுக்களின் வலையமைப்பான யூஸ்நெட்டில், சாக்.கல்ச்சர்.தமிழ் குழுவில் பேசியவர்கள் ஆங்கிலத்திலோ, ஆங்கில எழுத்தில் தட்டிய தமிழிலோதான் எழுதினார்கள். வெளிநாட்டிலிருந்து ஊர்ச் செய்தி தேடியவர்களுக்கும் அதுவே வழி. அத்தகைய கோப்புகள் உங்களிடம் இருந்தால் அவற்றுக்கு மாற்றம் எதுவும் தேவையில்லை, அப்படியே படிக்கலாம்.

படிக்கும் முறையைத் தொலைபேசிக் கட்டணமே தீர்மானித்தது. நொடிக்கு 28.8 கிலோபிட் மோடத்தில் கணக்குப்படி 3.6 கிலோபைட்தான் வரும். 56 கிலோபிட் என்று எழுதியிருந்த மோடமும் நம் ஊர்த் தொலைபேசிக் கம்பியில் அந்த வேகத்தை எட்டாது. 60 கிலோபைட் எழுத்துருக் கோப்பு இறங்க ஏறக்குறைய 17 நொடி, ஸ்கேன் செய்த 150 கிலோபைட் படம் ஒன்றுக்கு ஏறக்குறைய 42 நொடி. அதனால் இணைப்பில் இருந்துகொண்டு யாரும் படிக்கவில்லை. பக்கங்களை வரிசையாகத் திறப்பார்கள், சேமிப்பார்கள், தொடர்பைத் துண்டித்துவிட்டு ஆற அமரப் படிப்பார்கள். ஒருவர் எழுதுவது உறுப்பினர் எல்லோருக்கும் போகும் மடற்குழுக்களின் மடல்களைத் தினத்தொகுப்பாக ஒரே அஞ்சலில் வரவைத்துக்கொள்வார்கள். உங்கள் மாமாவிடம் இவ்வளவு கோப்பு சேர்ந்ததற்குக் காரணம் இதுவாகத்தான் இருக்கும். அன்று சேமிப்பது படிப்பதன் ஒரு பகுதி. இன்னொரு காரணமும் உண்டு. பல செய்தித் தளங்கள் அதே முகவரியில் நாள்தோறும் புதுப் பக்கத்தை ஏற்றிவிடும். இன்று சுட்டியை அனுப்பினால் நாளை திறக்கிறவருக்கு வேறு செய்தி தெரியும். செய்தியைப் பகிர்வது என்றால் அன்று முழு வாசகத்தையும் நகலெடுத்து அனுப்புவதுதான்.

ஒரு தளத்தைத் தமிழில் பார்க்க 1999-இல் செய்ய வேண்டியிருந்தது இது. தளத்தின் உதவிப் பக்கத்திலிருந்து எழுத்துரு ஜிப்பை இறக்கி, விரித்து, விண்டோஸின் ஃபான்ட்ஸ் கோப்புறையில் போட வேண்டும். பக்கத்தின் நிரலிலேயே எழுத்துருப் பெயர் இருந்தால் அத்துடன் முடிந்தது. இல்லையென்றால் அன்றைய உலாவியான நெட்ஸ்கேப்பில் ப்ரிஃபரன்சஸ் போய், எழுத்துருப் பகுதியில் 'யூசர் டிஃபைன்டு' குறியாக்கத்தைத் தேர்ந்து, அதற்குரிய இரண்டு இடங்களிலும் தமிழ் எழுத்துருவை வைக்க வேண்டும். ஒன்று வேறுபட்ட அகல எழுத்துக்கு, மற்றது சம அகல எழுத்துக்கு. பலர் முதலாவதை மட்டும் மாற்றிவிட்டு, வலைப்பக்கம் தெரிகிறது, அஞ்சல் தெரியவில்லை என்று தவிப்பார்கள். வெறும் எழுத்து மடல்களை நெட்ஸ்கேப் சம அகல எழுத்துருவில்தான் காட்டும் என்பதே காரணம். இணைய மையங்களில் இந்த அமைப்பை அடுத்தவர் மாற்றிவிடுவார். எழுத்துருக்களை ஒரு 1.44 மெகாபைட் பிளாப்பியில் போட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போவது அப்போது வழக்கம். உங்களிடம் உள்ள பிளாப்பிகளில் டி.டி.எஃப். என்று முடியும் கோப்புகள் இருந்தால் அவைதான் சாவி, அழித்துவிடாதீர்கள்.

இந்தத் தொல்லையைத் தீர்க்க வந்தவை இயங்கு எழுத்துருக்கள். பக்கத்தோடு சேர்ந்து எழுத்துருவும் தானே இறங்கிக் காட்டும். கணினியில் நிறுவ வேண்டியதில்லை. நெட்ஸ்கேப் 4 பி.எஃப்.ஆர். வகையையும், இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 4 ஈ.ஓ.டி. வகையையும் ஏற்றன. ஒன்றின் கோப்பு மற்றதில் வேலை செய்யாது. 2000-இல் வந்த நெட்ஸ்கேப் 6 தன் வகையையே கைவிட்டுவிட்டது. உங்கள் சிக்கலுக்கு இதில் நேரடித் தொடர்பு இருக்கிறது. ஈ.ஓ.டி. கோப்பைச் செய்யும்போதே எந்தத் தள முகவரியில் அது இயங்கலாம் என்று உள்ளே எழுதிவிடுவார்கள். பக்கத்தைச் சேமித்து வன்தட்டிலிருந்து திறந்தால் முகவரி பொருந்தாது. எழுத்துரு இயங்க மறுக்கும். ஆகவே உங்கள் மாமா சேமித்த சில பக்கங்கள் அவர் கணினியிலேயே மறுநாள் குறிகளாகத் தெரிந்திருக்கலாம். வாசகம் மட்டும் உள்ளே பத்திரமாக இருக்கும்.

எழுத்துரு இல்லாமல் தமிழ் எப்படித் தெரியும் என்பதை ஒரே சொல்லில் பார்த்துவிடலாம். மின்னஞ்சல் வழியே பல நாட்டவர் கலந்துபேசி உருவாக்கிய திஸ்கி குறியாக்கத்தில் 'தமிழ்' என்ற சொல்லுக்கு எண்கள் 190, 193, 162, 250. ஆங்கில எழுத்துருவில் அது முக்கால் என்ற பின்னக்குறி, தலையில் சாய்கோடு போட்ட பெரிய ஏ, சென்ட் நாணயக் குறி, சாய்கோடு போட்ட சிறிய யு என்று நான்கு குறிகளாகத் தெரியும். அதே சொல் பாமினியில் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு சிறிய எழுத்துக்களும் ஓர் அரைப்புள்ளியும். திஸ்கி ஆங்கிலத்தின் 128 இடங்களைத் தொடாமல் மேல்பாதியில் தமிழை வைத்தது. பாமினி தட்டச்சுப் பலகையின்படி ஆங்கில எழுத்துக்களின் மேலேயே தமிழை ஏற்றியது. இந்த ஒரு வேறுபாடுதான் எந்தச் செய்தி உயிரோடு வந்தது, எது வழியில் சிதைந்தது என்பதை முடிவு செய்தது.

மின்னஞ்சல் முதலில் 7 பிட்டுக்கு, அதாவது 127 வரையான எண்களுக்கு மட்டும் அமைக்கப்பட்டது. பாமினி மடல் எந்த வழங்கி (சர்வர்) வழியாகப் போனாலும் அலுங்காமல் போய்ச்சேரும். தமிழ் எழுத்தும் ஆங்கிலமும் ஒன்றாகக் கலந்துவிடுவது அதற்குக் கொடுத்த விலை. திஸ்கி மடலில் ஆங்கிலமும் தமிழும் அருகருகே இருக்கலாம். ஆனால் இடையில் ஒரு பழைய வழங்கி எட்டாவது பிட்டை வெட்டினால் ஒவ்வொரு எண்ணிலும் 128 குறைந்துவிடும். 190, 193, 162, 250 என்பவை 62, 65, 34, 122 ஆகும். 62 என்பது மடல்களில் மேற்கோள் வரியின் தொடக்கத்தில் வரும் அம்புக்குறி. 'த' என்று தொடங்கும் வரியெல்லாம் யாரோ எழுதியதை மேற்கோள் காட்டுவதுபோல் மாறிவிடும். இதற்குப் பயந்துதான் பலர் செய்தியை ஜிஃப் படமாகவோ பி.டி.எஃப். ஆகவோ இணைத்தார்கள், அல்லது மடலின் தலையில் 'இதைப் படிக்க இன்ன எழுத்துரு வேண்டும், இன்ன இடத்தில் கிடைக்கும்' என்று இரண்டு வரி ஆங்கிலத்தில் எழுதினார்கள். அந்த இரண்டு வரியை முதலில் தேடுங்கள். பாதி வேலை முடிந்துவிடும்.

சென்னையில் 1999 பிப்ரவரியில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டைத் தொடர்ந்து தமிழக அரசு டாம், டாப் என்ற இரண்டு குறியாக்கங்களைத் தரப்படுத்தியது. டாம் முழுதும் தமிழுக்கு, டாப் தமிழும் ஆங்கிலமும் சேர்ந்ததற்கு. குழப்பம் குறையவில்லை, அட்டவணை இன்னும் இரண்டு கூடியது. விண்டோஸ் 2000-உம் எக்ஸ்பி-யும் லதா எழுத்துருவோடு யூனிகோடு தமிழைக் காட்டத் தொடங்கின. எக்ஸ்பி-யில் அதற்கும் வட்டார மொழி அமைப்பில் சிக்கல் வரிவடிவ மொழிகளுக்கான பெட்டியை டிக் செய்ய வேண்டும், சில நேரம் விண்டோஸ் சிடி-யும் கேட்கும். விண்டோஸ் 98 வைத்திருந்தவர்களையும் கைவிடாமல் யூனிகோடு இயங்கு எழுத்துரு செய்து தந்தவர் அதிராம்பட்டினத்து உமர் தம்பி. அவருடைய தேனீ எழுத்துருக்கள் அந்த மாறுகாலத்தில் பலருக்குக் கைகொடுத்தன. 2003-க்குப் பிறகு வலைப்பதிவுகள் யூனிகோடில் வளர்ந்தன. 2004-இல் காசி ஆறுமுகம் தமிழ்மணம் திரட்டியைத் தொடங்கியபின் யார் என்ன எழுதினார்கள் என்பதை ஒரே பக்கத்தில் பார்க்க முடிந்தது. தமிழ்ச் சொல்லைத் தமிழிலேயே தட்டித் தேடக் கிடைத்ததும் யூனிகோடு வந்த பிறகுதான். அதுவரை செய்தி ஆளுக்கு ஆள் கைமாறித்தான் பரவியது.

இனி மீட்பு. முதலில் பிளாப்பியின் மூலையில் உள்ள சிறு தாழ்ப்பாளை நகர்த்தித் துளை திறந்திருக்கும்படி வையுங்கள், எழுதுதடை வந்துவிடும். யூ.எஸ்.பி. பிளாப்பி இயக்கி இன்றும் கிடைக்கிறது. கோப்பு கோப்பாக நகலெடுக்காமல் டிடிரெஸ்க்யூ போன்ற நிரலால் தட்டு முழுவதையும் ஒரே பிம்பமாக எடுங்கள்; பழுதான இடத்தில் நின்றுவிடாமல் தாண்டிப்போய்ப் பிறகு திரும்பி வந்து முயலும். பிறகு எந்தக் கோப்பையும் திறந்து 'சேவ்' அழுத்தாதீர்கள். இன்றைய எழுதிகள் (டெக்ஸ்ட் எடிட்டர்) கேட்காமலேயே குறியாக்கத்தை மாற்றிச் சேமிக்கக்கூடும். தொலையாமல் இருந்தது அப்போதுதான் தொலையும். வேலையெல்லாம் நகலில் மட்டும்.

அடுத்து குறியாக்கத்தைக் கண்டுபிடிப்பது. வலைப்பக்கக் கோப்பை உலாவியில் திறக்காமல் நோட்பேட்++ போன்ற எழுதியில், மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான விண்டோஸ் 1252 குறியாக்கத்தில் திறந்து, 'ஃபான்ட் ஃபேஸ்' என்ற சொல்லைத் தேடுங்கள். அதன் அருகே இருக்கும் எழுத்துருப் பெயர்தான் உறுதியான சான்று. பெயர் டி.எஸ்.சி. என்று தொடங்கினால் திஸ்கி, டி.ஏ.பி. என்றால் டாப், டி.ஏ.எம். என்றால் டாம், பாமினி, மயிலை போன்றவை பெயரிலேயே தெரியும். எழுத்துருப் பெயரே இல்லாத வெற்று மடல் என்றால் வடிவத்தை வைத்து ஊகிக்கலாம். எல்லாம் ஆங்கில எழுத்தாகவும் சொல்லுக்குச் சொல் அரைப்புள்ளியாகவும் இருந்தால் பெரும்பாலும் பாமினி; அதில் மெய்யெழுத்தின் புள்ளிக்கு அரைப்புள்ளிதான் விசை. ஐரோப்பியக் குறிகள் நிறைந்து, நான் மேலே சொன்ன நான்கு குறிகள் அடுத்தடுத்து எங்காவது வந்தால் திஸ்கி. சாய்கோடு போட்ட சிறிய ஏ-யும் வட்டத்துக்குள் ஆர் குறியும் எழுத்துக்கு எழுத்து திரும்பத் திரும்ப வந்தால் அது பழைய எழுத்துருவே இல்லை, யூனிகோடுதான். எழுதியில் குறியாக்கத்தை, யூனிகோடைச் சேமிக்கும் முறையான யூ.டி.எஃப்-8 என்று மாற்றினால் அந்த நொடியே தமிழ் தெரியும். இந்த ஊகங்கள் எழுத்துருப் பெயர் அளவுக்கு உறுதியானவை அல்ல. பத்திரிகைகளின் சொந்த எழுத்துருக்களில் ஒன்றை ஒத்த இன்னொன்று உண்டு. ஒரு பத்தியை மாற்றிப் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும்.

மாற்றுவதற்கு சுரதா செய்த பொங்குதமிழ், அதியமான், என்.எச்.எம். கன்வர்ட்டர் போன்ற மாற்றிகள் நெடுநாளாகப் புழக்கத்தில் உள்ளவை. நிரல் எழுதத் தெரிந்தால் ஓப்பன்-தமிழ் நூலகமும் உதவும். முழுக் கோப்பையும் கொட்டாமல் பத்து வரி எடுத்துச் சோதியுங்கள். பாமினி போன்ற 7 பிட் கோப்பில் வலைப்பக்க நிரலோடு சேர்த்து மாற்றினால் நிரற்குறிகளும் தமிழாகிவிடும்; வாசகத்தை மட்டும் பிரித்தெடுங்கள், இடையில் வரும் ஆங்கிலச் சொற்களையும் ஒதுக்கி வையுங்கள். பக்கத்தின் தலையில் 'எக்ஸ் யூசர் டிஃபைன்டு' என்ற அறிவிப்பு இருந்தால் இன்றைய உலாவியிலிருந்து நகலெடுத்து ஒட்டாதீர்கள். இப்போதைய உலாவிகள் அந்த எண்களை யூனிகோடின் தனிப்பயன் பகுதிக்குக் கொண்டுபோய்விடும். மாற்றிக்கு அது விளங்காது, வெறும் கட்டங்கள்தான் மிஞ்சும். எழுதியிலிருந்து நேராக எடுத்தால் இந்தத் தொல்லை இல்லை.

மாற்றிய பிறகு சில இடங்களைக் குறிவைத்துப் பாருங்கள். 'இலங்கை' எல்லாம் 'லங்கை' என்றும் 'இந்த' எல்லாம் 'ந்த' என்றும் வந்தால் அது பழைய திஸ்கி. முதலில் 'இ' எழுத்தை 173-ஆம் இடத்தில் வைத்திருந்தார்கள். அது உலாவிகளுக்குக் கண்ணுக்குத் தெரியாத சொல்லிணைப்புக் குறி, காட்டாமல் விட்டுவிடும். அதனால் 1.7 பதிப்பில் 254-க்கு மாற்றினார்கள். கோப்பில் 173 எல்லாவற்றையும் 254 ஆக்கிவிட்டு மறுபடி மாற்றினால் 'இ' திரும்பிவிடும். 'ஜனாதிபதி'யில் 'ஜ' மட்டும், 'பஸ்'ஸில் 'ஸ்' மட்டும் விழுந்திருந்தால் காரணம் வேறு. திஸ்கியில் கிரந்த எழுத்துக்கள் 128-க்கும் 159-க்கும் இடையில் இருக்கின்றன, சில யூனிக்ஸ் அஞ்சல் நிரல்கள் அந்தப் பகுதியைக் கட்டுப்பாட்டுக் குறி என்று எடுத்து நீக்கிவிடும். அவை திரும்பி வராது. சொல்லைப் பார்த்து நிரப்பிக்கொள்ள வேண்டியதுதான். பொருத்தமில்லாத இடத்தில் 'ஸ' நின்றால், அங்கே வேர்டு மூன்று புள்ளியை ஒரே குறியாகச் சேர்த்துவிட்டது என்று பாருங்கள். அந்தக் குறியின் எண் 133, திஸ்கியில் 133 என்பது 'ஸ'. பாமினியில் வேர்டு செய்யும் சேதம் இன்னும் நுட்பமானது. சிறிய எஃப் 'க', பெரிய எஃப் 'கு'. வாக்கியத்தின் முதல் எழுத்தைத் தானே பெரிதாக்கும் வழக்கத்தால் 'கடல்' என்று தொடங்கும் வாக்கியம் 'குடல்' ஆகிவிடும். வாக்கிய முதற்சொல் ஒவ்வொன்றையும் கண்ணால் பார்க்காமல் விடாதீர்கள்.

இந்த எழுத்துருக்கள் எல்லாம் பார்க்கும் வரிசையில் சேமிப்பவை. 'கொ' என்றால் முதலில் கொம்பு, பிறகு 'க', பிறகு கால். யூனிகோடில் மெய் முன்னே, குறி பின்னே. மாற்றி கொம்பைப் பின்னால் நகர்த்திவிடும். ஆனால் மடல் வரி சரியாகக் கொம்புக்கும் 'க'வுக்கும் இடையில் ஒடிந்திருந்தால் கொம்பு தனியே வரி முடிவில் தொங்கும். வரிகளை முதலில் ஒட்டிவிட்டுப் பிறகு மாற்றினால் இது வராது. தட்டச்சு வழி எழுத்துருக்களில் 'கௌ' என்பதன் இறுதிக்குறியும் 'ள' எழுத்தும் ஒரே விசைதான். 'கௌரி'யா 'கெளரி'யா என்று எந்த மாற்றியாலும் உறுதியாகச் சொல்ல முடியாது. மனிதர்தான் பார்க்க வேண்டும்.

அஞ்சல்களில் சமக்குறிக்குப் பின் இரண்டிரண்டு எழுத்தாக ஓடும் வரிகள் தெரிந்தால் பயப்பட வேண்டாம். 7 பிட் வழியைக் கடக்க அஞ்சல் நிரலே செய்த பொதி அது. பைட் எதுவும் தொலையவில்லை. தண்டர்பேர்டு போன்ற அஞ்சல் நிரலில் கோப்பை இறக்கினால் தானே பிரித்துவிடும். எம்.எச்.டி. என்று முடியும் சேமித்த பக்கங்களும் பெரும்பாலும் இதே முறையில்தான் பொதியப்பட்டிருக்கும்.

மீளாதவை எவை என்பதையும் சொல்லிவிடுகிறேன். வரி முழுவதும் கேள்விக்குறிகளாக இருந்தால் அது முடிந்த கதை. யூனிகோடு தமிழை நோட்பேடில் ஆன்சி என்ற வகையில் சேமித்தால் ஒவ்வொரு எழுத்துக்கும் பதில் கேள்விக்குறி எழுதப்படும். உள்ளே எதுவும் ஒளிந்திருக்காது, கட்டணம் வாங்கிக்கொண்டு மீட்டுத் தருகிறேன் என்பவரை நம்பாதீர்கள். எட்டாவது பிட் வெட்டப்பட்ட திஸ்கி பாதி மீளும். முழுக்கத் தமிழான பத்தியில் இடைவெளியை விட்டுவிட்டு ஒவ்வொரு எண்ணோடும் 128 கூட்டினால் வாசகம் வந்துவிடும். இலக்கமும் ஆங்கிலமும் கலந்த இடங்களில் ஐயம்தான்: 49 என்ற எண் உண்மையான 1 ஆகவும் இருக்கலாம், 177-லிருந்து குறைந்த 'எ' ஆகவும் இருக்கலாம். செய்தியில் வரும் தேதியும் எண்ணிக்கையும் இப்படி மீட்கப்பட்டவையானால் அவற்றை மேற்கோள் காட்டாதீர்கள். யூ.டி.எஃப்-8 தமிழை ஐரோப்பியக் குறிகளாகவே யாராவது நகலெடுத்து ஒட்டி அனுப்பியிருந்தால் இன்னொரு வகை இழப்பு. அதில் தமிழின் ஒவ்வொரு எழுத்துக்கும் குறிக்கும் மூன்று பைட். புள்ளியின் மூன்றாவது பைட் 141, 'உ'கரக் குறியின் மூன்றாவது பைட் 129. இரண்டுக்கும் விண்டோஸ் 1252-இல் வடிவம் கிடையாது, சில நிரல்கள் அதை விழுங்கிவிடும். அப்போது 'ட்'டும் 'டு'வும் ஒன்றாகிவிடும். 'ஏ', 'ஐ' இரண்டுக்கும் இதே கதி. சூழலை வைத்துப் பெரும்பாலும் நிரப்பலாம், ஆட்பெயரிலும் ஊர்ப்பெயரிலும் ஊகிக்கக் கூடாது.

வாசகம் கிடைத்த பிறகு அது எந்த நாள், எந்த இதழ் என்பது வேறு கேள்வி. இன்டர்நெட் எக்ஸ்புளோரர் சேமித்த பக்கங்களின் தொடக்கத்தில் 'சேவ்டு ஃப்ரம்' என்ற குறிப்பு பல நேரம் இருக்கும். அடைப்புக்குள் நான்கு இலக்கமும் அதன்பின் மூல முகவரியும் வரும். அந்த நான்கு இலக்கம் முகவரியின் எழுத்து நீளம், தேதி என்று எண்ணிவிடாதீர்கள். அந்த முகவரியை, பழைய வலைப்பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷினில் இட்டுப் பாருங்கள். 1996 முதலான பக்கங்கள் அங்கே உண்டு, பத்திரிகைத் தளங்கள் தொடர்ச்சியாக இருக்காது. கோப்பில் உள்ள தேதி சேமித்த நாளைத்தான் காட்டும். மடல்களில் அனுப்பியவர் கணினி இட்ட தேதியை நம்ப வேண்டாம். பேட்டரி தீர்ந்த கணினி ஆண்டையே மாற்றிப் போடும். தலைப்பில் 'ரிசீவ்டு' என்று தொடங்கும் வரிகள் வழியிலிருந்த வழங்கிகள் இட்டவை, கீழிருந்து மேலாகப் படித்தால் மடல் வந்த வழியும் நேரமும் தெரியும். அடியில் 'நன்றி' என்று போட்டு இதழின் பெயர் எழுதுவது அன்றைய நல்ல வழக்கம். ஆனால் அச்சிதழைப் பார்த்து மறுபடி தட்டியவரும், வானொலியில் கேட்டு எழுதியவரும் அதையேதான் போட்டார்கள். சொல்லுக்குச் சொல் இதழில் வந்ததுதான் என்பதற்கு அது சான்றாகாது. ஈழச் செய்திகளை 1997 முதல் ஆங்கிலத்தில் வெளிவந்த தமிழ்நெட் தளத்தோடும், நூலகம் தளத்தில் ஸ்கேன் செய்து வைத்துள்ள இதழ்களோடும் ஒப்பிடலாம். தமிழ்நாட்டு இதழ்களுக்குச் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் கேட்டுப் பாருங்கள்.

மடற்குழு மடல்களை மட்டும் தனிக் கோப்புறையில் வைத்து முதலில் அவற்றை மீட்கச் சொல்வேன். யாஹூ குழுமங்களில் இருந்த மடல்கள் 2019 டிசம்பரில் நீக்கப்பட்டன. ஜியோசிட்டீஸ் என்ற இலவசத் தளத்தில் தனிநபர்கள் வைத்திருந்த பக்கங்கள் 2009-இலேயே போய்விட்டன. பத்திரிகைச் செய்திக்கு எங்காவது அச்சுப் பிரதி இருக்கும், அந்தச் செய்தியைப் பற்றி நம் ஆட்கள் பேசிக்கொண்டதற்கு உங்கள் மாமாவின் சிடி தவிர வேறு பிரதி இல்லாமலே இருக்கலாம். மூலக் கோப்பையும் மாற்றிய கோப்பையும் ஒரே பெயரில், பின்னொட்டு மட்டும் வேறாக, சேர்த்தே வைத்திருங்கள். எந்த மாற்றியில் எந்தக் குறியாக்கம் தேர்ந்தீர்கள் என்பதையும் ஒரு வரி எழுதி வையுங்கள். தவறு பின்னால் தெரிந்தால் மூலத்திலிருந்து மறுபடி தொடங்கலாம்.

எதற்கும் அடங்காத கோப்பு இருந்தால் இங்கேயே கேளுங்கள். திரையைப் படம் பிடித்தோ, குறிகளை நகலெடுத்தோ போட வேண்டாம். இரண்டிலும் மூல எண்கள் வராது. கோப்பின் முதல் 2 கிலோபைட்டை வெட்டி, தனிப்பட்ட பெயரும் முகவரியும் இருந்தால் நீக்கிவிட்டு, ஜிப் செய்து இணையுங்கள். கோப்புப் பெயரையும், அதே தட்டில் இருந்த எழுத்துருக் கோப்புகளின் பெயர்களையும் சேர்த்து எழுதினால் பதில் சொல்வது எளிது.